சட்டைக்கு முன்னால் அடித்த ஆணி

நம்ம வயசு ஆட்களுக்கு இது புரியும். ஷீட் கூரை போட்ட ஜெப சபையில், கோரைப் பாயில், முட்டி மரத்துப்போக உட்கார்ந்தவர்கள் நாம். இப்போது போனவுடன் நாற்காலி எங்கே என்று பார்க்கிறோம். தரையில் உட்கார்ந்த பழக்கம் போயிற்று.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு நின்றவள். ஆனால் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

சுனாமி வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஏழாவது படித்தேன். தம்பி அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கெமிக்கல் கம்பெனிகள் சூழ்ந்த செம்மங்குப்பத்தில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும்.

அந்த ஊர்க் காற்றை அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு பக்கம் அடித்தால் அழுகின முட்டை. திரும்பி அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி, இனிப்பாக ஒரு வாசனை. இனிப்புதான் மோசம். அன்றைக்கெல்லாம் தலை வலிக்கும். விருந்தாளி வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை.

அப்பா சாயம் செய்கிற கம்பெனியில் வேலை செய்தார். காண்ட்ராக்ட் ஆள். கம்பெனியில் என்ன சரக்கு ஓடுகிறது என்று அவர் குளிக்கிற தண்ணீரில் தெரியும். ஒரு வாரம் சிவப்பாக ஓடும். ஒரு வாரம் நீலம். தலையணை உறை எத்தனை துவைத்தாலும் ரோஸ்தான். அவர் வேதப்புத்தகத்தில் விரல் பட்ட ஓரமெல்லாம் ரோஸ். அவர் எந்தப் பக்கத்தை ஜாஸ்தி படிப்பார் என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் எதையும் கேட்காமல் செய்ய மாட்டார்கள். கேட்பது என்றால் ஆண்டவரிடம். பல் பிடுங்கப் போவதா, பொறுப்பதா என்றாலும் முழங்கால் போட்டுக் கேட்பார்கள். ஆடு வாங்குவது, என்னை வேறு பள்ளிக்கூடத்தில் போடுவது, அம்மாவின் அண்ணன் வீட்டுச் சண்டையில் பேசப் போவது, எல்லாம் அப்படித்தான்.

நான் சுற்றுலா போகக் கேட்டால் அப்பா முதலில் கேட்பது, கேட்டியா என்பதுதான். கேட்டேன் என்பேன். என்ன சொன்னார் என்பார். போகச் சொன்னார் என்பேன். அப்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"அவரு சொன்னாரா, நீ சொன்னியா?"

நான் நழுவிவிடுவேன். அவரும் விட்டுவிடுவார். போகவும் விடுவார். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வரும். இன்றைக்கும் வருகிறது.

பிறகு அந்த ரொட்டி. உங்களில் சில பேர் வீட்டிலும் இருந்திருக்கும். சுட்ட ரொட்டி மாதிரியே பிளாஸ்டிக்கில் ஒரு டப்பா. மேலே திறப்பு. அதில் கலர் கலராக அட்டை நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். காலையில் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று இரண்டாவது எடுக்கக் கூடாது. அப்பா அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் அட்டை திரும்பி வரும்போது அதிலும் சாயம் ஏறியிருக்கும். நாளாக ஆக எல்லா அட்டையும் ஒரே ரோஸ் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமாவும் அதே கம்பெனி, அதே பிரிவு. அவர்கள் இந்துக்கள். திருவந்திபுரம் பக்கம் பூர்வீகம், முன்பு நிலம் இருந்ததாம். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவரும் அப்பாவும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். காலையில் சைக்கிளோடு வாசலில் நின்று மாமா குரல் கொடுப்பார்.

"என்னா மச்சான், ரொட்டி என்ன சொல்லுது?"

அப்பா சிரித்துக்கொண்டே ஏறி உட்காருவார். இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். போகும்போது மாமா மிதிப்பார், வரும்போது அப்பா மிதிப்பார்.

ஆணிக்கு வருகிறேன்.

கம்பெனியில் பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலச் சட்டை கொடுப்பார்கள். பையின் மேல் நூலில் பேர் போட்டிருக்கும். காண்ட்ராக்ட் ஆட்கள் வீட்டிலிருந்து கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்த வருஷம் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அப்பா கேட்டார். நாங்களும் சேர்ந்து கேட்டோம். தம்பிகூடக் கண்ணை மூடி, நீலச் சட்டை, நீலச் சட்டை என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் ஜெபத்திலிருந்து எழுந்த அப்பா, கிடைத்துவிட்டது என்றார். அவருக்கு மனசில் நிச்சயம் வந்துவிட்டதாம். நேராகச் சுத்தியலை எடுத்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய ஆணி ஒன்றை அடித்தார். சட்டை வருவதற்கு முன்னாலேயே அதற்கு இடம். அம்மா ஒரு ஹேங்கரைத் தேடி எடுத்து அதில் மாட்டினாள். வெறும் ஹேங்கர் காற்றுக்கு ஆடும்.

நம் சபைகளில் இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கையில் வருவதற்கு முன்னாலேயே வந்தது என்று நன்றி சொல்வது. அதுதான் விசுவாசம் என்பார்கள். அடுத்த ஞாயிறு அப்பா சபையில் எழுந்து நின்றார். கம்பெனியில் என்னைப் பர்மனென்ட் ஆக்கினதற்காக ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னார். ஆக்கப் போவதற்காக என்று சொல்லவில்லை. ஆக்கினதற்காக என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வாரமே வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். வாசலில் பந்தல் போட்டு, எங்கள் ஆட்டை அடித்து, பிரியாணி செய்து, சபையார் எல்லோரும் சாப்பிட்டார்கள். பாஸ்டர் ஆணியைப் பார்த்துவிட்டு, இதுதான் விசுவாசம் என்றார்.

மாமாவும் சாப்பிட்டார். சட்டை இல்லாமல் ஹேங்கருக்கு விருந்து வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அப்பா அவர் இலையில் இன்னும் ரெண்டு துண்டு கறி வைத்தார்.

மழைக்காலம் ஆரம்பித்த நேரத்தில் மாமாவுக்குக் கையில் ஆசிட் பட்டது.

பீப்பாய் மூடியைத் திறக்கும்போது பீறிட்டு அடித்திருக்கிறது. வலது கை, முழங்கை வரைக்கும். அப்பா பக்கத்தில் இருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். அவர் விரலிலும் கொஞ்சம் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சோறு போடும்போது பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மாமாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தையும் கூடப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போயிற்று. தாளிக்கிற வாசனையும் வரவில்லை.

கையுறை விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் கையுறை கொடுக்க வேண்டும். பழையது எல்லாம் ஓட்டை விழுந்து, புதுசு வரவில்லை. அதனால் கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு வேலை செய்தார்கள். அப்பாவும் அப்படித்தான். அம்மா அந்தப் பைகளைச் சேர்த்து மடித்து வைப்பாள். நாங்கள் அதை ஒரு தப்பாக நினைத்ததே இல்லை.

சில நாள் கழித்து சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய ஆள், எங்கள் வீட்டுக்கெல்லாம் வந்தது இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டோம். டீ குடித்தார். ஹேங்கரைப் பார்த்தார். இது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்தார்.

"அப்ப ஆணி ரெடி. சட்டைய நான் குடுக்குறேன்."

அம்மா சட்டென்று ஸ்தோத்திரம் என்றாள். வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை.

பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். விசாரணை வைக்கிறார்கள். வெளியிலிருந்து அதிகாரி வருகிறார். பக்கத்தில் நின்று பார்த்தது அப்பா ஒருத்தர்தான். கையுறை கொடுத்தோம், அந்த ஆள் போடாமல் அசட்டையாகத் திறந்தான் என்று சொன்னால் போதும். மேலே பேசி வைத்திருக்கிறேன், அடுத்த பட்டியலில் உன் பேர்தான் என்றார் அப்பாவிடம். குரலை உயர்த்தவே இல்லை. தம்பி தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்னால் மாமாவுக்கு என்ன ஆகும் என்பது எனக்கே தெரிந்தது. வைத்தியச் செலவு கம்பெனி தராது. வேலையும் கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவார்.

அப்பா எழுந்தார். கொல்லைக்குப் போய் முகம் கழுவினார். தண்ணீர் நீலமாக ஓடியது.

அம்மா பாஸ்டரிடம் போனாள். சட்டை வரப்போகிறது என்ற பாதியைச் சொன்னாளா, முழுவதையும் சொன்னாளா, தெரியாது. பாஸ்டர் அன்று சாயங்காலமே சைக்கிளில் வந்தார். அப்பா அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பிளாஸ்டிக் பையையும் எடுத்துக் காட்டினார். பாஸ்டர் பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, நீங்கள் கேட்ட வாசல் திறந்திருக்கிறது பிரதர், ஜெபித்து முடிவெடுங்கள் என்றார். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அன்று அவர் சொன்னது எனக்குச் சரி என்றுதான் பட்டது. இப்போது யோசித்தால் தெரிகிறது. சபையில் பாதிப்பேர் அந்தக் கம்பெனிதான். காணிக்கைப் பை நிறைவதும் அதனால்தான். பயந்திருக்கிறார். கெட்டவர் இல்லை. ஜெபியுங்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஜெபியுங்கள் என்பதை அப்படியும் சொல்லலாம் என்று பெரியவள் ஆன பிறகுதான் புரிந்தது.

அம்மாவும் ஒன்று சொன்னாள். நாம் கேட்டோம், நன்றி சொன்னோம், ஊருக்கே சாப்பாடு போட்டோம், இப்போது அது வாசலில் வந்து நிற்கிறது, இது அவர் செய்தது இல்லை என்று எப்படிச் சொல்வது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்பா சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

விசாரணை அன்று காலையில் ஜெபம் முடிந்தது. அம்மா வழக்கம்போல ரொட்டியை எடுத்து நீட்டினாள். தம்பி எடுத்தான். நான் எடுத்தேன். அப்பா கையை நீட்டவில்லை.

"எனக்கு இன்னிக்கு வேணாம்."

கேட்டுட்டுப் போங்க என்றாள் அம்மா.

"பொய் சொல்லட்டுமான்னா அவர்கிட்ட கேக்கச் சொல்ற? இது கேக்குற விஷயம் இல்ல. தெரிஞ்ச விஷயம்."

அம்மா டப்பாவை அலமாரியில் வைத்தாள். உள்ளே போய் மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பைகளை எடுத்துவந்து அப்பாவின் சாப்பாட்டுப் பையில் சொருகினாள். அப்பா தனியாக நடந்து போனார். சைக்கிள் மாமா வீட்டு வாசலில் நின்றிருந்தது. அதை எடுக்கவில்லை.

அங்கே நடந்ததை மற்ற ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அப்பா நாலு வரி பேசியிருப்பார். கையுறை தரவில்லை. இதைத்தான் மாட்டிக்கொண்டு வேலை செய்தோம். இவ்வளவுதான். பைகளை மேஜையில் வைத்தாராம். சூப்பர்வைசர், மறுபடி யோசித்துச் சொல் என்றாராம். அப்பா அந்த அதிகாரியைப் பார்த்து, நான் போகலாமா சார் என்றாராம்.

மறுநாள் கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. சாப்பாட்டுப் பையோடு திரும்பி வந்தார். அந்தச் சாப்பாட்டை நானும் தம்பியும் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாட்சி சொல்கிற நேரம். ஒருத்தர் ஜுரம் நின்றதற்குச் சொன்னார். ஒருத்தர் மகனுக்கு வேலை கிடைத்ததற்குச் சொன்னார். அப்பா ஆண்கள் பக்கம் கடைசிப் பாயிலிருந்து எழுந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போன மாசம் இங்க நின்னு, என்னை பர்மனென்ட் ஆக்கினதுக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன். ஆகல. இருந்த வேலையும் போச்சு. ஆண்டவர் ஒண்ணும் தப்பா சொல்லல. எம் புள்ளைங்ககிட்ட எப்பவும் கேப்பேன், அவரு சொன்னாரா நீ சொன்னியான்னு. என்கிட்ட நான் கேக்கல. நான் ஆசப்பட்டத அவரு சொன்னதா இங்க சொல்லிட்டேன். அத சரி பண்ணிக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. டோலக் வாசிக்கிற அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். சுருதி ஒசரமாகிவிட்டது. நடுவிலேயே மூச்சு வாங்கி எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

வெளியே செருப்பு தேடும்போது ஒரு அக்கா அம்மாவிடம் வந்தாள். சிரித்த முகமாகத்தான் கேட்டாள்.

"அப்ப நாங்க சாப்ட்ட பிரியாணிக்கு என்னக்கா கணக்கு?"

"செரிச்சிருக்கும்," என்றாள் அம்மா.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பா முன்னால், நாங்கள் பின்னால். அவர் சட்டை முதுகில் வியர்வை பட்ட இடம் லேசாக நீலம். எனக்கு அவரைப் பற்றிப் பெருமை எப்போது வந்தது என்று கேட்டால் அந்த முதுகைச் சொல்வேன்.

அதற்குப் பிறகு அந்தத் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு வேறு கம்பெனி எதிலும் வேலை தரவில்லை. அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றின் மெஸ்ஸில் ஆள் வேண்டும் என்று அம்மாவின் அண்ணன் சொன்னார். இந்தத் தடவையும் கேட்டார்கள். ஆனால் நன்றி சொல்வதை வேலையில் சேர்ந்த பிறகு வைத்துக்கொண்டார் அப்பா. பாசஞ்சர் ரயிலில் சாமான் மூட்டைகளோடு சிதம்பரம் போனோம். அந்த மாற்றத்தில்தான் ரொட்டி டப்பா காணாமல் போயிற்று. அம்மா எல்லா மூட்டையும் அவிழ்த்துப் பார்த்தாள். அப்பா தேடவில்லை. வேதப்புத்தகம் இருக்கிறதே என்றார்.

அம்மா மெஸ்ஸில் சமையல். அப்பா காய் நறுக்குவார், மாவு ஆட்டுவார், பாத்திரம் தேய்ப்பார். பொடிப் பையன்கள் அவரை யோவ் என்று கூப்பிடுவான்கள். அவர் பாட்டுக்கு வேலை செய்வார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையில் இருந்த சாயம் போயிற்று. ஒரு நாள் இட்லி மாவு கையோடு நின்றவரைப் பார்த்து அம்மா, உங்கள் கை இந்த நிறமா என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாளாம். நானும் பத்தாவது முடித்து அதே அடுப்படிக்கு வந்தேன். இன்றைக்கு அந்த மெஸ்ஸை நான் நடத்துகிறேன்.

சிதம்பரம் வந்த மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாமா வந்து கூப்பிட்டார். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. கை தேறியதற்காகத் திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை போட்டாராம். கைத் தோல் சுருங்கி, பளபளவென்று இருந்தது. விரலை மடக்க முடிந்தது. அப்பா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் எங்க பெருமாள கேட்டேன், நீ உங்க ஆண்டவர கேட்ட. மேல ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டாங்க போல மச்சான்."

அப்பா சிரித்தார். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றார் மாமா. ஞாயிறு ஆராதனை முடித்து நாலு பேரும் போனோம். அதே காற்று, அழுகின முட்டை. தம்பி மூக்கைப் பொத்தினான். மாமா எங்களை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, எங்கள் பழைய வீட்டுக்குக் கூட்டிப் போனார். அதில் ஜன்னல் ஒன்று ஜாஸ்தி, அதனால் நாங்கள் போன பிறகு மாறிக்கொண்டார்களாம். உள்ளே நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார்.

கதவுக்குப் பக்கத்தில் அந்த ஆணி. அதில் ஹேங்கர். ஹேங்கரில் நீலச் சட்டை. பையின் மேல் மாமாவின் பேர்.

விசாரணை முடிந்து வைத்தியச் செலவையும் கொடுத்து, கனத்த வேலை இல்லாத இடத்தில் பர்மனென்டாகவும் போட்டுவிட்டார்கள் என்றார் மாமா. அதைச் சொல்லத்தான் கூட்டி வந்திருக்கிறார். ஆனால் அந்த ஆணியை அப்பா எதற்காக அடித்தார் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. முகம் மாறிவிட்டது. சட்டையை எடுக்கக் கை நீட்டினார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தச் சுருங்கின கைதான். ஆணியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஆடவில்லை.

"இருக்கட்டும் மச்சான். ஆணி சரியாத்தான் அடிச்சிருக்கேன். சட்டை யாருதுங்கறதுலதான் தப்பு பண்ணிட்டேன்."

அம்மா சட்டையின் கசங்கலைக் கையால் நீவிவிட்டாள். ஸ்தோத்திரம் என்றாள். இந்தத் தடவை யோசித்துச் சொன்னாள்.